பிறந்த ஊர்க் கணக்கு: குலுக்கலில் இடமில்லாதவர்க்கு அமெரிக்கா



ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச வருகிறவர் ஆண்டாளைப் பற்றியோ பெரியாழ்வாரைப் பற்றியோ பேசுவதுதான் முறை. இந்த ஆண்டு விசாவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். நம் பகுதியில் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போவதற்கும் நகை அடகுக்குப் போவதற்கும் இன்று பெரிய காரணங்களில் ஒன்று அமெரிக்கக் கனவு. அந்தக் கனவைக் குறை சொல்ல நான் வரவில்லை. எந்த வழிக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்ற கணக்கு தெரியாமல் கடன் வாங்குகிறோம். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில் குலுக்கல். 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் அமெரிக்கா ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. எந்தெந்த நாடுகளிலிருந்து மக்கள் குறைவாக வந்து குடியேறுகிறார்களோ, அந்த நாட்டவர்களுக்கு ஆண்டுக்கு 55,000 கிரீன் கார்டுகளைக் குலுக்கல் முறையில் தருவது. 1995 நிதியாண்டில் அது நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் குடும்ப வழியாகவும் வேலை வழியாகவும் 50,000 பேருக்கு மேல் எந்த நாட்டிலிருந்து குடியேறினார்களோ, அந்த நாட்டுக்கு இதில் இடமில்லை. இந்தியா தொடக்கத்திலிருந்தே அந்த விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்தில் நேபாளத்துக்கும் இலங்கைக்கும் இடம் கிடைத்தது. 2025 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்தத் திட்டத்தையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

ஆகவே, கணவன் மனைவி இருவருமே இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்து, அவர்களுக்கு "குலுக்கலில் விசா விழுந்திருக்கிறது, இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால், அது மோசடி. மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை. தேர்வானவர்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை மின்னஞ்சலில் தகவல் சொல்வதில்லை. விண்ணப்பித்தவர்தான் அத்துறையின் இணையதளத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இருவருமே இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்து" என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சட்டம் இந்த இடத்தில் கையிலிருக்கும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. எந்த நாட்டு மண்ணில் பிறந்தார் என்று பார்க்கிறது. நம் தென்மாவட்டங்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. 1985 வரை நாம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். மண்டபம் முகாம் வழியாகக் கங்காணிகள் ஆள் கூட்டிக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன மாவட்டம் அது. 1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. பர்மாவிலிருந்தும் மக்கள் திரும்பிவந்தார்கள். இவர்களுக்காகவே 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ஹட்டனிலோ பதுளையிலோ பிறந்து, குழந்தையாக இராமேசுவரத்தில் கரையேறி, இன்று இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர், அமெரிக்கக் குடியேற்றக் கணக்கில் இலங்கைக்காரர். அவரை மணந்தவர் ராஜபாளையத்திலேயே பிறந்திருந்தாலும் துணையின் பிறந்த நாட்டைத் தன் கணக்காகக் காட்ட முடியும். குலுக்கல் திறந்திருந்த இத்தனை ஆண்டுகளில், பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு ஈடான தொழில் அனுபவமோ உள்ள இப்படிப்பட்ட தம்பதிகள் விண்ணப்பித்திருக்கலாம். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இதன் மறுபக்கம் வேதனையானது. ராஜபாளையம் அருகே மொட்டமலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அதுபோன்ற முகாம்களில் பிறந்து வளர்ந்த இளைஞருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. ஆனால் பிறந்த மண் இந்தியா என்பதால், இந்தக் கணக்கில் அவர் இந்தியர். அவருடைய அண்ணன் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பிறந்து கைக்குழந்தையாகப் படகில் வந்திருந்தால், அவர் இலங்கைக் கணக்கு. ஒரே வீட்டில் இரண்டு கணக்கு.

இந்தப் பிறந்த நாட்டுக் கணக்கு குலுக்கலோடு முடிவதில்லை. இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை முழுவதையும் நடத்துவது அதுதான்.

கொஞ்சம் வரலாறு. 1917-இல் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை வட்டமாக அறிவித்து அமெரிக்கா கதவை மூடியது. 1923-இல் பகத்சிங் திண்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் லூஸ்–செல்லர் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்றது. மொத்த இந்தியாவுக்கும் நூறே பேர்! 1965-இல்தான் தேச வாரியான ஒதுக்கீடு ஒழிந்தது. அதன்பிறகே நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் போக முடிந்தது. ஆனால் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இன்றும் நிற்கிறது.

அந்த 7 சதவீதத்தை விரித்துப் பாருங்கள். வேலை வழியில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள். மனைவி மக்களும் அதே எண்ணிக்கையில் அடக்கம். 7 சதவீதம் என்றால் 9,800. நான்கு லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதே வரம்பு. முதுகலைப் பட்டதாரிகளுக்கான இரண்டாம் பிரிவை மட்டும் எடுத்தால், இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800. பிற நாட்டவர் பயன்படுத்தாமல் மிஞ்சுவது வந்தால் கொஞ்சம் கூடும். அதனால்தான் 2013, 2014-ஐ ஒட்டி மனு போட்ட இந்தியப் பொறியாளர்களுக்கே இந்த ஆண்டுகளில் முறை வந்துகொண்டிருக்கிறது. இன்று மனு போடுகிறவர் தன் ஓய்வுக்காலத்துக்குள் முறை வரும் என்று உறுதியாக நம்ப இடமில்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினை எந்த மாணவரும் கைப்பேசியில் திறந்து பார்க்கலாம். திருமணப் பேச்சில் "மாப்பிள்ளைக்கு கிரீன் கார்டு போட்டாச்சு" என்று சொன்னால், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று பெண் வீட்டார் கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இந்த வேலை வழி வரிசையிலும் துணையின் பிறந்த நாடு உதவும். நம் ஊர்ப் பொறியாளரின் மனைவி, தந்தை வேலைபார்த்த துபாயிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராக இருந்தால், குடும்பம் முழுவதும் அந்த நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். பல ஆண்டுக் காத்திருப்பு அந்த ஒரு பிறப்புச் சான்றிதழால் வெகுவாகக் குறைந்துவிடும். இது சட்டத்தில் உள்ள உரிமை. தகுதியுள்ள சிலர் இது தெரியாமலே வரிசையில் நிற்கிறார்கள்.

வரிசையில் நிற்கும் குடும்பத்தில் மிகவும் அடிபடுவது பிள்ளைகள். நான்கு வயதில் அம்மாவோடு எச்-4 என்ற குடும்ப விசாவில் போன குழந்தை அங்கேயே பள்ளி முடித்து, கல்லூரியில் சேர்ந்து, 21 வயதைத் தொடும் நாளில் பெற்றோரின் மனுவிலிருந்து விலகிவிடுகிறது. 2002-இல் வந்த, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் சில மாதங்களைக் கழித்துக் கணக்கிட உதவுகிறது. பத்தாண்டுக் காத்திருப்புக்கு அது போதாது. தமிழும் சரியாக வராத, அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாத அந்தப் பிள்ளை, வெளிநாட்டு மாணவர் என்று தனி விசா வாங்க வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். போகிறபோது யாரும் நினைத்துப் பார்க்காத விஷயம் இது.

இனி மாணவர்களுக்கு. நம் பகுதியிலிருந்து அதிகம் பேர் போகும் வழி படிப்புதான். 1984-இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி கிருஷ்ணன்கோவிலில் வந்தது. பின்னால் ராஜபாளையத்திலும் பொறியியல் கல்லூரி வந்தது. இங்கே பி.இ. முடித்து அங்கே எம்.எஸ். படிப்பது, படிப்பு முடிந்ததும் 12 மாதம் ஓபிடி என்ற வேலைப் பயிற்சி, அறிவியல் தொழில்நுட்பப் பாடமானால் இன்னும் 24 மாதம், அதற்குள் எச்-1பி வேலை விசா. இதுதான் எல்லாரும் போடும் திட்டம். ஆனால் எச்-1பியும் ஒரு குலுக்கல்தான். ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்க்குக் கூடுதலாக 20,000. மூன்று ஆண்டு ஓபிடி என்றால், ஏறக்குறைய மூன்று முறை பெயர் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றிலும் விழாதவர்கள் ஏராளம்.

2025 செப்டம்பரில் இந்த வழி மேலும் இறுகியது. புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபரின் ஆணை வந்தது. அங்கேயே படித்துவிட்டு அங்கிருந்தபடியே நிலை மாற்றிக்கொள்கிறவருக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கினார்கள். இங்கிருந்து நேராக வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பொருந்தும் என்றார்கள். அதோடு, குறைந்த சம்பளத்தில் தொடங்குகிறவரைவிட அதிகச் சம்பளக்காரர் தேர்வாக வாய்ப்புக் கூடும்படி குலுக்கல் விதியையும் மாற்றிவிட்டார்கள். புதிதாகப் படித்து வெளியே வரும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாதகம். ஆகவே கடன் வாங்கும் முன் ஒரு கேள்வியை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்: மூன்றாம் ஆண்டின் முடிவில் பிள்ளை ஊருக்குத் திரும்பி வந்தால், இந்தக் கடனை இங்கே வாங்கும் சம்பளத்தில் அடைக்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். முடியாது என்றால் சென்னை ஐஐடியும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இருக்கின்றன. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது.

இன்னொரு வழியும் உண்டு. இந்திய நிறுவனத்தில் ஓராண்டாவது வேலை பார்த்துவிட்டு, அதன் அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகிப் போகும் எல்-1 வழியில் குலுக்கலும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. இதற்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு: 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அந்தக் குழுமத்திலிருந்துதான் பின்னாளில் மென்பொருள் நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ் பிறந்தது. அயல்நாட்டில் கிளை வைத்திருக்கும் அப்படிப்பட்ட நிறுவனங்களில் சேர்ந்து மேலாளர் நிலைக்கு உயர்ந்து போவது மெதுவான வழி. என் பார்வையில், கடன் இல்லாமல் போகக்கூடிய நல்ல வழிகளில் அது ஒன்று. முதலீட்டு வழியைப் பற்றி இந்த அவையில் அதிகம் பேச வேண்டாம். 2022 முதல் குறைந்தபட்சம் 8,00,000 டாலர் வேண்டும். நம் பணத்தில் ஏழு கோடி ரூபாய்க்கு மேல். ஒருவர் ஓராண்டில் இந்தியாவிலிருந்து அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பது 2,50,000 டாலர்தான்.

இந்த ஊருக்கே உரிய ஒரு வழியைச் சொல்லாமல் போகக்கூடாது. 1970-களில் பிட்ஸ்பர்க்கிலும் நியூயார்க்கின் ஃப்ளஷிங்கிலும் ஆகம முறைப்படி கோயில்கள் எழுந்தன. பிறகு அமெரிக்காவின் பெருநகரங்களில் எல்லாம் கோயில்கள் வந்துவிட்டன. மார்கழியில் அங்கேயும் திருப்பாவை சேவிக்கிறார்கள். அந்தக் கோயில்களுக்கு அர்ச்சகர்கள் வேண்டும், பிரபந்தம் சேவிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இவர்களுக்கென்று ஆர்-1 என்ற சமயப் பணியாளர் விசா இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் இரண்டாண்டுகள் அதே சமயப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அங்குள்ள கோயில் மனு போட வேண்டும். முதலில் 30 மாதம், மொத்தம் 5 ஆண்டு வரை தங்கலாம். குலுக்கல் இல்லை. ஆங்கிலத் தேர்வு இல்லை. வேத பாடசாலையிலோ ஆகமப் பயிற்சியிலோ படித்த இளைஞரின் படிப்புக்கு உலகத்தில் மதிப்பு உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் அவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தங்குமிடம் யார் பொறுப்பு, விடுப்புக்கு ஊர் வர டிக்கெட் யார் எடுப்பது என்பதையெல்லாம் கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். கோயில் காரியத்துக்குப் போகிறோம், சம்பளம் பேசக் கூடாது என்று கூச்சப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

இப்போது பெற்றோர்களிடம் வருகிறேன். இந்த அவையில் பாதிப்பேர் நீங்கள்தான்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற 21 வயது நிறைந்த மகனோ மகளோ தாய் தந்தைக்கு மனு போட்டால், அதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. 7 சதவீதக் கணக்கும் கிடையாது. குடிமக்களின் கணவன் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் மகன் பெற்றோருக்கு மனு போட முடியாது. குடியுரிமை பெற்ற அண்ணன் தம்பிக்கு மனு போடலாம், ஆனால் 2006-இல் போட்ட இந்திய மனுக்களுக்குத்தான் இப்போது முறை வருகிறது. தம்பிக்கு இன்று போடும் மனு, தம்பி தாத்தாவாகும்போது கையில் கிடைக்கலாம்.

வரம்பு இல்லை என்பதால் பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்குவது எளிது. வாங்கியபின் வாழ்வது எளிதல்ல. கிரீன் கார்டு என்பது அங்கே குடியிருப்பேன் என்ற உறுதிமொழி. ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது கைவிட்டுப் போகக்கூடும். ஆறு மாதம் தாண்டினாலே விமான நிலையத்தில் கேள்வி வரும். இங்கே சஞ்சீவி மலை அடிவாரத்தில் மாந்தோப்பு இருக்கிறது, காய்ப்புப் பருவத்தில் ஆள் நிற்க வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி இருக்கிறது, அதை மூடிவிட்டுப் போக முடியாது. 65 வயதுக்கு மேல் போகிறவர்கள் ஐந்தாண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்தால்தான் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரவே முடியும். அதுவரை மருத்துவச் செலவு மகன் தலையில். ஆகவே பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வர விரும்புகிற பெற்றோருக்குப் பார்வையாளர் விசாவே போதும், அதுவே நல்லது. பத்தாண்டுக்குக் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் வரை தங்கலாம். இருவரில் ஒருவர் தனியாகிவிட்டபின், கவனிக்க ஊரில் யாரும் இல்லை என்னும்போது கிரீன் கார்டைப் பற்றி யோசிக்கலாம். பிள்ளைகள் பாசத்தில் அவசரப்படுத்துவார்கள். நீங்கள் நிதானமாக முடிவெடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் நிற்கும் இடம் நகராட்சி அலுவலகம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1970 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வீட்டில் பிறந்த பலருக்குப் பதிவே இல்லை. பதிவு இருந்தாலும் பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பதிவேட்டில் இல்லை என்ற சான்றையும் பள்ளிச் சான்றிதழையும் உறவினர் உறுதிமொழியையும் சேர்த்து வைக்க வேண்டும். அப்பா பெயர் ஒரு சான்றிதழில் இன்ஷியலாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் இருக்கும். மகன் போட்ட மனு அந்த ஓர் எழுத்தில் தங்கிவிடும். கல்யாணம் ஆண்டாள் சந்நிதியில் நடந்திருக்கும், ஊரே சாட்சி, ஆனால் பதிவுச் சான்று இருக்காது. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். அதற்கு முன் மணந்தவர்கள் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். பிள்ளை அமெரிக்கா போகிறானோ இல்லையோ, இந்தத் தாள்கள் ஒவ்வொரு வீட்டிலும் சரியாக இருக்க வேண்டும்.

குறுக்கு வழியைப் பற்றி ஒரே வார்த்தை. 2022 ஜனவரியில், கனடா எல்லையில் அமெரிக்காவுக்குள் நடந்து நுழைய முயன்ற ஒரு குஜராத்திக் குடும்பம், இரண்டு சிறு குழந்தைகளோடு பனியில் உறைந்து இறந்தது. 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் கொண்டுவந்து அமிர்தசரசில் இறக்கினார்கள். அவர்களில் பலர் நிலம் விற்று ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள். பஞ்சாபிலும் குஜராத்திலும் பரவிய அந்த வியாபாரம் நம் பக்கம் வேர்விடக் கூடாது.

1875-இல் இந்த ஊரில் பென்னிங்டன் நூலகத்தை நம் முன்னோர்கள் அமைத்தார்கள். ஊருக்குத் தேவையான அறிவு ஊரிலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காக அமைத்தார்கள். அதே நோக்கத்தில் இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் நூலகங்களும் கல்லூரிகளும் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசா வரிசை நிலவரத்தையும் கல்விக் கடன் கணக்கையும் சான்றிதழ் திருத்தும் முறையையும் இலவசமாகச் சொல்லித்தரும் ஒரு மேசையைப் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் அந்த மேசையில் ஒரு பொழுது உட்காரட்டும். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களும் வழக்கறிஞர்களும் முன்வாருங்கள். மொட்டமலை முகாமுக்கும் அந்த மேசை போக வேண்டும். ஏஜென்ட்டிடம் முதல் ரூபாயைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு குடும்பமும் அங்கே வந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.